கொலோனில் சாப்பாடு ஒன்றரை மணிக்கு

தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்து ஜனங்களை ஐரோப்பாவுக்குக் கூட்டிக்கொண்டு போய், பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பது என் வேலை. என் பெயர் பரிதி. எனக்கு முன்கோபம் என்று ஆபீஸில் சொல்வார்கள். வராமல் என்ன செய்யும்? எழுநூறு வருஷத்துத் தேவாலயத்தின் முன்னால் முப்பத்தாறு பேரை நிறுத்தி, அண்ணாந்து பார்க்கச் சொல்லி, அந்தக் கூரான வளைவுகளைப் பற்றித் தொண்டை வறளப் பேசிக்கொண்டிருக்கும்போது, "தம்பி, இன்னிக்கு ரசமா, மோர்க்குழம்பா?" என்று ஒரு கேள்வி வரும். கேட்டவர் முகத்தில் அத்தனை அக்கறை இருக்கும். கோபிக்கவும் முடியாது.

அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருந்தவர் அம்சக்கா. எங்கள் குழுவின் சமையல்காரர். அவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே வாய்க்கால் கரையில் நாற்பது வீடு கொண்ட ஊர் அவருடையது. பன்னிரண்டு வயதில் நடவுக்கு இறங்கியவர். கல்யாணமாகி ஒரு மகள் பிறந்தாள். புருஷன் அறுவடை மெஷின் ஓட்டுகிறார். நடவுக்கும் மெஷின் வந்த பிறகு அம்சக்கா சத்துணவுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கிருந்து கல்யாணச் சமையல். மன்னார்குடியில் ஒரு கல்யாணத்தில் அவர் வைத்த வத்தக்குழம்பைச் சாப்பிட்ட என் முதலாளி, கைகூடக் கழுவாமல் சமையற்கட்டுக்குள் வந்து, "பாஸ்போர்ட் இருக்கா?" என்று கேட்டார். "ரேஷன் கார்டு இருக்குங்க" என்றார் அம்சக்கா.

விசா ஆபீஸில் எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டபோது "சோறாக்க" என்று ஒரே வார்த்தையில் சொன்னாராம். அதற்கு மேல் அவர்களுக்கும் கேட்க ஒன்றும் இல்லை. அப்படி ஆறு தடவை போய்வந்தார். பதினோரு நாட்டில் சாம்பார் வைத்தார். ஹோட்டல் சமையற்கட்டில் கெஞ்சிக் கூத்தாடி நான் வாங்கித் தரும் இரண்டு அடுப்பில், விடிவதற்குள் மூன்று வேளைக்கும் முடித்து, சூட்டுப் பெட்டிகளில் அடைத்து பஸ்ஸில் ஏற்றிவிடுவார்.

தேவாலயங்களை வெளியிலிருந்து அவரைப் போலப் பார்த்தவர் யாரும் கிடையாது. நாங்கள் எல்லோரும் வாசல் பக்கம் நின்று போட்டோ எடுப்போம். பஸ் பெரும்பாலும் பின்பக்கம்தான் நிற்கும். அங்கிருந்து பார்த்தே அவர் சில முடிவுகளுக்கு வந்திருந்தார். பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தைப் பார்த்து நான் வாயைத் திறப்பதற்குள், "களிமண்ணுல கட்டிருக்கான் தம்பி. எங்கூர்ல காம்பவுண்டு சுவரே இப்படித்தான் சாயும்" என்றார். உண்மையில் காரணம் அதுதான். ஸ்ட்ராஸ்பர்க் தேவாலயத்துக்கு இரண்டு கோபுரம் வரவேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கிறது. "இன்னொண்ணு கட்டுறதுக்குள்ள கான்ட்ராக்டர் ஓடிட்டானா?" என்று கேட்டார். கல்லில் செய்த விலங்குகளின் வாய் வழியாக மழைத்தண்ணீர் கொட்டுவதைப் பார்த்து, "நம்ம கோமுகி மாதிரிதான், ஆனா மூஞ்சிதான் சரியில்ல" என்றார். சுவருக்கு வெளியே வரிசையாகச் சாய்ந்து நிற்கும் கல் வளைவுகளைப் பார்த்தவுடன் அவருக்குப் புரிந்துவிட்டது. குலை தள்ளிய வாழைக்கு நாம் முட்டுக் கொடுப்பதைத்தான் அவர்கள் கல்லில் செய்திருக்கிறார்கள். இதை விளக்க நான் பத்து நிமிடம் எடுத்துக்கொள்வேன்.

இவ்வளவு தெரிந்த மனுஷி உள்ளே போய் எதைப் பார்த்தார், எப்போது பார்த்தார் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அதுதான் என் லட்சணம்.

ஏழாவது தடவை கிளம்பியபோது திருச்சி விமான நிலையத்தில், சக்கரம் வைத்த பெரிய பெட்டியோடு ஓர் அம்மா வந்து நின்றார். மெஹராஜ் பேகம். திருத்துறைப்பூண்டி கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருப்பவர். மகன் ஆஸிம் துபாயில் இருக்கிறான். அவன்தான் டிக்கெட் போட்டுக் கொடுத்திருந்தான்.

"அம்சம்! உன்னைய அசத்தணும்னுதாண்டி சொல்லாம வந்தேன். நீ சொன்ன கோயிலெல்லாம் நானும் பாக்க வேணாமா?"

அம்சக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பு சரியில்லை என்று எனக்கு அப்போதே பட்டது. லக்கேஜ் எடை போடும் அவசரத்தில் விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் விடியற்காலை, ஆம்ஸ்டர்டாமில், உப்புமாவில் உப்பு இல்லை. ஆறு பயணத்தில் இப்படி நடந்ததில்லை. எங்கள் குழுவில் இராஜாங்கம் சார் என்று ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் இருந்தார். ஐரோப்பாவில் எந்தக் கட்டடத்தைக் காட்டினாலும், "இது பட்டா நிலமா, புறம்போக்கா?" என்று கேட்பவர். பன்னிரண்டரைக்கு இலை விழவில்லை என்றால் உலகமே நின்றுவிடும் அவருக்கு. அவர் கண்ணில் அந்த உப்புமா படுவதற்கு முன் சரிசெய்ய வேண்டுமே என்று கத்திக்கொண்டே சமையற்கட்டுக்குள் போனேன்.

அம்சக்கா கரண்டியைப் பிடித்தபடி நின்றிருந்தார். "தம்பி, இன்னிக்கு கொலோன்ல பஸ்ஸ நிறுத்தாமப் போயிட முடியாதா?"

"என்னக்கா பேச்சு இது? அச்சடிச்சுக் கொடுத்திருக்கோம். அந்தத் தேவாலயத்தப் பாக்கத்தானே பாதிப் பேர் வந்திருக்காங்க."

"நான் அதுக்குள்ள போனதே இல்ல தம்பி."

"ஆறு தடவ வந்தீங்களே!"

"வந்தேன். பஸ்ஸு வரைக்கும் வந்தேன்."

பிறகு மெல்ல மெல்ல எல்லாவற்றையும் சொன்னார். முதல் தடவை ஊருக்குத் திரும்பியதும் பேகம் கடையில் ரவிக்கைத் துணி எடுக்கப் போயிருக்கிறார். அங்கே இருந்த பெண்கள், அந்த ஊர்க் கோயில் உள்ளே எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறார்கள். தெரியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவராகவே ஒன்றைச் சொன்னார்.

நம் பெரிய கோயிலைப் பார்த்தவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. விமானம் வெளியே இருநூறு அடிக்கு மேல் நிற்கும். உள்ளே போகப் போக இடம் ஒடுங்கும், வெளிச்சம் குறையும், கடைசியில் விளக்கு வெளிச்சத்தில் சாமி இருப்பார். வெளியே எவ்வளவு பிரமாண்டமோ உள்ளே அவ்வளவு அடக்கம். கோயில் என்றால் இப்படித்தான் இருக்கும் என்பதில் நம் பக்கத்தில் யாருக்கும் சந்தேகம் வராது. அம்சக்காவுக்கும் வரவில்லை. ஆகவே அவர் பேகம் கடையில் சொன்னது இதுதான்:

"வெளியில மலை கணக்கா நிக்கும்க்கா. உள்ள போனா இத்துனூண்டு. பத்துப் பேரு நிக்கலாம். ஒரே இருட்டு. ஒத்த விளக்கு எரியும். ஒரு சாமியாரு நகருங்க நகருங்கன்னு தள்ளிக்கிட்டே இருப்பாரு. கையில தேன்ல நனைச்ச ரொட்டி குடுப்பாங்க. செருப்ப வாசல்ல விட்டா டோக்கன் உண்டு."

கதை பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கேட்க ஆள் கூடியது. பேகம் டீ வரவழைத்துக் கொடுத்து உட்கார வைப்பாராம். துணி எடுக்க வருகிறவர்களுக்கு அம்சம் இல்லாத நாளில் பேகமே அந்தக் கதையைச் சொல்வாராம்.

"இன்னிக்கு அந்தக்கா உள்ள போயிட்டு வந்தா எல்லாம் வெளுத்துப்போயிடும். கடைத்தெரு சிரிச்சா சிரிக்கட்டும் தம்பி. அந்தக்கா எங்கிட்ட பேசாமப் போயிட்டா நான் என்ன செய்வேன்? எனக்குன்னு உக்காந்து பேச இருக்கிறது அந்த ஒரு கடைதான்."

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டரை வரை தேவாலயம், பன்னிரண்டரைக்கு பஸ் பக்கத்தில் சாப்பாடு. இந்த அட்டவணையைத் தயாரித்தது நான். நாங்கள் உள்ளே இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் மேஜை விரித்து, தட்டு அடுக்கி, அப்பளம் நொறுங்காமல் எடுத்து வைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கும் கண் இருக்கிறது என்பதை நான் மறந்துபோனேன்.

"உண்மையைச் சொல்லிடுங்களேன் அக்கா."

"நீங்க வேற" என்று உப்பை அள்ளிப் போட்டார்.

பஸ் கிளம்பியதும் அவரே ஒரு வழி பார்த்தார். பேகம் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, அங்கே ஐந்நூற்று முப்பத்துமூன்று படி ஏற வேண்டும், முட்டிக்கு ஆகாது என்றார். பேகம் அசையவில்லை. "அது கோபுரத்து உச்சிக்குப் போறதுக்கு. உள்ள போக அவ்ளோ படியெல்லாம் இல்லன்னு ஆஸிம் போன்ல பாத்துச் சொல்லிட்டான்." உள்ளே குளிர் எலும்பைப் பிடிக்கும் என்றார். பேகம் ஸ்வெட்டரைத் தொட்டுக் காட்டினார். கொலோன் என்றாலே வாசனைத் தண்ணீருக்குப் பேர்போன ஊர், கடை பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே போகலாமே என்றார்.

"அத்தர் நம்ம ஊருல கிடைக்காதா? அதுக்கா நான் பிளேன் ஏறி வந்தேன்?"

மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பொறுக்கவில்லை. எனக்குத்தான் யோசித்துச் செய்கிற பழக்கம் கிடையாதே. மைக்கை எடுத்தேன்.

"எல்லாரும் கவனிங்க. இன்னிக்கு அம்சக்காவும் நம்மளோட கோயிலுக்குள்ள வர்றாங்க. அதனால சாப்பாடு ஒன்றரை மணிக்கு."

பஸ் கொந்தளித்தது. இராஜாங்கம் சார் எழுந்து நின்றார். "ஒன்றரையா? எனக்கு பிரஷர் மாத்திரை இருக்குய்யா! சாப்பாடு பன்னெண்டரைக்குன்னு எழுத்துமூலமாக் குடுத்திருக்கீங்க!" இரண்டு வாழைப்பழமும் ஒரு பொட்டலம் முறுக்கும் கொடுத்து உட்கார வைத்தேன். பெரிய நல்லது செய்துவிட்ட நினைப்பில் அம்சக்காவைப் பார்த்தால், அவர் என்னைப் பார்வையாலேயே வறுத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பேகத்தின் குரல் கேட்டது. "நல்லதாப் போச்சு! ஆறு தடவ பாத்தவ. நீயே எனக்கு உள்ள எல்லாத்தையும் சுத்திக் காட்டிடு."

மாட்டிக்கொண்டிருந்தவரை இன்னும் இறுக்கி மாட்டிவிட்டேன் என்பது எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது.

பஸ்ஸை ரைன் நதிக்கரையில் விட்டுவிட்டு நடந்தோம். தேவாலயம் எதிரே வந்ததும் எல்லோரும் அண்ணாந்தார்கள். இரட்டைக் கோபுரம், ஒவ்வொன்றும் ஐந்நூறு அடிக்கு மேல். புகையும் மழையும் பட்டுக் கல்லெல்லாம் கறுத்திருந்தது. கட்ட ஆரம்பித்து முடிக்க அறுநூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று என்றேன். இராஜாங்கம் சார், "நம்ம தாலுகா ஆபீஸ் கட்டடம் பரவால்ல போலிருக்கே" என்றார். அம்சக்காவுக்கு வெளியே பழகிய இடம் ஆகையால் கொஞ்சம் தைரியம் வந்தது. முட்டுக் கொடுத்த வளைவுகளையும் மழைத்தண்ணீர் கொட்டும் வாய்களையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். பேகம் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்து, "எப்படிச் சொல்றா பாத்தீங்களா எங்க அம்சம்?" என்று பெருமைப்பட்டார். அதைக் கேட்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

வாசலில் அம்சக்கா நின்றார். குனிந்து செருப்பைக் கழற்றினார். சுவரோரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, டோக்கன் கொடுக்கும் ஆளைத் தேடுவதுபோல இரண்டு பக்கமும் பார்த்தார். அவர் சொன்ன கதையை அவரே எவ்வளவு நம்பியிருந்தார் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

உள்ளே போகிற கூட்டம் மொத்தமும் பூட்ஸோடு போய்க்கொண்டிருந்தது. பேகம் அதைப் பார்த்தார். அம்சக்காவின் வெறுங்காலைப் பார்த்தார்.

சிவப்பு அங்கி போட்ட கோயில் காவலர் ஒருவர் விரைந்து வந்து, செருப்பைக் காட்டி ஜெர்மன் மொழியில் ஏதோ சொன்னார். அம்சக்கா சட்டென்று இரண்டடி பின்வாங்கினார். முகம் வெளிறிவிட்டது.

"உள்ள விடமாட்டேங்கிறாரா தம்பி?"

"இல்லக்கா. செருப்பப் போட்டுக்கிட்டு உள்ள போங்கன்னு சொல்றாரு."

"கோயிலுக்குள்ள செருப்போடயா? அவரு சொன்னா ஆச்சா?" என்று செருப்பை எடுத்துத் தோள்பைக்குள் திணித்துக்கொண்டார். காவலர் என்னைப் பார்த்தார். நான் கையை விரித்தேன். வெறுங்காலோடு உள்ளே போனார் அம்சக்கா. அவர் பின்னால் பேகம், பேகத்துக்குப் பின்னால் நான்.

உள்ளே இருட்டு இல்லை. ஒடுக்கம் இல்லை. தூண்கள் தரையிலிருந்து எழுந்து எங்கும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தன. நூற்று நாற்பது அடிக்கு மேலே போய்த்தான் ஒன்றோடொன்று சேர்ந்து கூரையாயின. நூற்றுக்கணக்கான பேர் உள்ளே நடமாடினார்கள், இடம் காலியாகவே இருந்தது. உயர உயரமான ஜன்னல்கள் வழியாக நீலமும் சிவப்பும் பச்சையுமாக வெயில் வந்து தரையில் கிடந்தது. எனக்கு இது பதினான்காவது தடவை. கூட்டத்தை எண்ணிக்கொண்டே உள்ளே போய், எண்ணிக்கொண்டே வெளியே வருகிறவன் நான். அன்றைக்கு அம்சக்காவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் நானும் அண்ணாந்து பார்த்தேன்.

அவர் நடுவில் நின்றுவிட்டார். முந்தானை தோளிலிருந்து நழுவியது தெரியவில்லை. வாய் திறந்திருந்தது. ரொம்ப நேரம் கழித்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி, சுவரே இல்ல பாருங்க! எல்லாம் கண்ணாடி! பாரத்தையெல்லாம் வெளியில இருக்கிற முட்டு வாங்கிக்குது. அதான் உள்ள சுவரு இல்லாமக் கட்ட முடிஞ்சிருக்கு. வெளியிலேர்ந்து பாக்கிறப்ப எதுக்கு இவ்ளோ முட்டுன்னு நெனைச்சுக்கிட்டே இருந்தேன். இதுக்குத்தானா!"

தேவாலயம் முழுக்க எதிரொலித்தது அந்தக் குரல். இத்தனை வருஷமாக அதன் பாதியை மட்டும் தெரிந்துவைத்திருந்தவருக்கு மீதிப் பாதி கிடைத்த சந்தோஷம் அது. பேகம் பக்கத்திலேயே நிற்கிறார் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது.

"அம்சம்" என்றார் பேகம். "நீ இதுக்குள்ள வந்ததே இல்ல."

அம்சக்கா திரும்பினார். "இல்லக்கா" என்றார்.

"ஆறு தடவ வந்துட்டு, அத்தனை தடவையும் என் கடையில உக்காந்து, என் டீயக் குடிச்சுக்கிட்டு..."

"எங்கம்மா எங்கூர்க் கோயில் வாசல்லயே நின்னு கும்புட்டவக்கா. உள்ள வராதன்னுட்டாங்க. அவ மவ பிளேன் ஏறி இவ்வளவு தூரம் போயி, அங்கயும் வாசல்லயே நின்னுட்டு வந்தான்னு நான் எப்படிக்கா சொல்றது?"

நான் தள்ளி நின்றிருக்கலாம். காதில் விழும் தூரத்தில்தான் நின்றேன். இந்த வாசலில் யாரும் அவரை உள்ளே வராதே என்று சொன்னதில்லை. பன்னிரண்டரைக்குச் சாப்பாடு என்று நான் எழுதியிருந்தேன், அவ்வளவுதான். அது இப்படிப் போய் விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வதால் மனம் ஆறவுமில்லை.

பேகம் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்த்தார். அப்படியே ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அம்சக்காவின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார்.

"சரி, பொய்தான் சொல்றதுன்னு ஆயிப்போச்சு. அதுக்காக இத்துனூண்டுன்னாடி சொல்லுவ? பத்துப் பேரு நிக்கலாம்னியே பாவி! வந்தவ போனவ அத்தனை பேருகிட்டயும் நானும் அதையே சொல்லித் தொலைச்சிருக்கேன். யா அல்லா, இதப் போயி!"

அம்சக்காவுக்கு முதலில் அழுகை வந்தது, அதோடு சேர்ந்து சிரிப்பும் வந்துவிட்டது. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியதைப் பார்த்து, சிவப்பு அங்கிக்காரர் விரலை உதட்டில் வைத்தார்.

"நல்லாப் பாத்துக்க" என்று பேகம் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "ஊருக்குப் போயி ரெண்டு பேருமாச் சேந்து திருத்திச் சொல்லணும். எத்தனை தூணுன்னு எண்ணு. நான் இந்தப் பக்கம் எண்றேன்."

நேரம் ஆனதும் வழக்கமாக நான் கையைத் தட்டி எல்லோரையும் கிளப்புவேன். அன்றைக்கு ஒரு மணிக்கு மற்றவர்களை மட்டும் சத்தமில்லாமல் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். ஆற்றங்கரையில் மேஜையை விரித்தேன். தட்டுகளை அடுக்கினேன். முதல் பெட்டியைத் திறந்தபோதே அப்பளம் பாதி நொறுங்கிவிட்டது. சாம்பார்க் கரண்டி எந்தப் பையில் இருக்கிறது என்று தெரியாமல் டம்ளரால் மொண்டு ஊற்றினேன். வரிசை நகரவே இல்லை.

இராஜாங்கம் சார் தட்டை நீட்டி, அதில் விழுந்ததைப் பார்த்து முகம் சுளித்தார். "என்னய்யா இது, நீ ஊத்துற? அந்தம்மா எங்க?"

"கோயிலுக்குள்ள இருக்காங்க சார்" என்றேன்.